வளர்ப்பவரை வாசலில் நிறுத்தாதீர்கள்: செட்டிநாட்டுப் பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் வட்டாரங்களில் பள்ளி நடத்தும் மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

பள்ளி திறக்கும் நாளில் நடக்கும் கூட்டத்துக்குத் தாய் அல்லது தந்தை மட்டுமே வரவேண்டும், தாத்தா பாட்டிக்கு அனுமதி இல்லை, பெற்றோர் வராத பிள்ளைகளுக்குப் புத்தகமும் டைரியும் பெற்றோர் வந்த பிறகே தரப்படும் என்று இந்த ஆண்டு என் பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளி சுற்றறிக்கை அனுப்பியது. அது என் மகளின் போனுக்கு வந்தது. மகள் சென்னையிலிருந்து எனக்கு அனுப்பினாள். ஆங்கிலத்தில் இருந்ததால் பேத்திதான் படித்துச் சொன்னாள். படித்து முடித்துவிட்டு, "அப்ப எங்களுக்கு யாரு வருவா, ஆயா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை ஆயா என்போம். அவளுக்கு நான் சொன்ன பதில் அவளுக்கே திருப்தியாக இல்லை. அதனால் அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

நான் பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறேன். வீட்டில் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை செய்து காரைக்குடிக் கடைகளுக்குப் போடுகிறேன். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். மகளுக்குச் சென்னையில் மாறி மாறி ஷிப்ட் வரும் வேலை. அங்கே பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறந்துவிடக்கூட ஆள் கிடையாது. ஆகையால் ஆறாம் வகுப்புப் பேத்தியும் இரண்டாம் வகுப்புப் பேரனும் என்னிடம் வளர்கிறார்கள். எழுப்புவதும் குளிப்பாட்டுவதும் சோறு கட்டுவதும் வேனில் ஏற்றுவதும் காய்ச்சலுக்கு ராத்திரி முழித்திருப்பதும் நான்.

பள்ளியின் பெயரை இதில் எழுதவில்லை. ஒரு பள்ளியோடு போகிற விஷயம் என்றால் நேரில் போய்ப் பேசியிருப்பேன். கோயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் கல்லுக்கட்டிக் கடைகளிலும் விசாரித்ததில், இந்த வழக்கம் ஒவ்வொரு பள்ளியாகப் பரவிவருவது தெரிகிறது. ஓரிடத்தில் கையெழுத்துக்கு மறுக்கிறார்கள், இன்னோரிடத்தில் போன் நம்பரைப் பதிய மறுக்கிறார்கள், வேறோரிடத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அழைத்துப்போக வந்த ஐயாவிடம் (தாத்தாவிடம்) "பையனோட அப்பாவைப் பேசச் சொல்லுங்க" என்கிறார்கள். அந்த அப்பா துபாயில் இருக்கிறார்.

இந்த ஊர்கள் எப்படிப்பட்ட ஊர்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றறிக்கை எழுதியவருக்கு அது நினைவில்லாமல் போனதால் சொல்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில், கடைக்கு மேலாளாகப் போனவர் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார். பிள்ளைகள் அதுவரை ஐயாவிடமும் அப்பத்தாவிடமும் ஆயா வீட்டிலும் வளர்ந்தார்கள். எங்கள் அப்பச்சி, அதாவது என் அப்பா, பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய தகப்பனார் ரங்கூன் பக்கம் கடையில் இருந்தார். சேர்த்துவிட்டது, சிலேட்டு வாங்கித் தந்தது, கணக்கு வரவில்லை என்று வாத்தியாரிடம் போய் நின்றது எல்லாம் தாத்தாதான். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்து எல்லாம் போய், தகப்பனார் வெறுங்கையோடு திரும்பியபோது பிள்ளை நன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் படிப்புதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. தகப்பன் வந்தால்தான் புத்தகம் என்று அந்த வாத்தியார் சொல்லியிருந்தால் எங்கள் குடும்பத்தின் நிலைமையே வேறு.

இது நகரத்தார் (செட்டியார்) வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்குப் போகும் தாத்தா, புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அப்பத்தா, மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையிலிருந்து பேத்தியை வளர்க்கும் பாட்டி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மகனுக்கும் மருமகளுக்கும் பதிலாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். உங்கள் பள்ளிகளில் ஒரு வகுப்பறைக்குள் போய், "காலையில் உன்னை எழுப்பினது யாரு?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். யாருக்குச் சுற்றறிக்கை அனுப்பவேண்டும் என்பது அப்போது தெரியும்.

சுற்றறிக்கை வந்த பிறகும் கூட்டத்தன்று நான் போனேன். கேட்டில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். "மன்னிச்சுக்குங்க ஆச்சி, பேரண்ட்ஸ் மட்டுந்தான்னு மேடம் சொல்லியிருக்காங்க." அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சுவரோரம் வேப்பமரத்தடியில் என்னைப்போல் வந்தவர்கள் நின்றார்கள். கைத்தடியோடு ஒரு ஐயா. மஞ்சள் பையில் பேரனின் ஆதார் நகலும் தடுப்பூசி அட்டையும் மடித்து வைத்திருந்த ஒரு அப்பத்தா. எதைக் கேட்பார்களோ தெரியாது என்று வீட்டில் இருந்த காகிதம் அத்தனையையும் கொண்டுவந்திருந்தார்.

உள்ளே மைக்கில் பேசியது வெளியே தெளிவாகக் கேட்டது. லீவில் பிள்ளைகள் நேரம் கெட்டுத் தூங்கிப் பழகியிருப்பார்கள், சீக்கிரம் படுக்கவையுங்கள் என்றார்கள். காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள், போனைக் குறையுங்கள், தண்ணீர் பாட்டிலைத் தினமும் கழுவுங்கள், பிள்ளை பள்ளிக்கு வர அழுதால் அடிக்காதீர்கள், என்னவென்று கேளுங்கள் என்றார்கள். அத்தனையும் நல்ல வார்த்தை. அதைச் செய்யவேண்டிய நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே இருந்தவர்களில் சிலர் இந்தக் கூட்டத்துக்காகவே முதல் நாள் ராத்திரி வந்திறங்கி, அன்று மாலையே ரயில் ஏறப்போகிறவர்கள்.

என் மகளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பல்லவன் ரயில் பிடித்து வந்து, ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட்டாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பினார்கள், காட்டிய இடத்தில் போட்டாள், முடிந்தது. அதுவரைக்கும் பேரன் பக்கத்துப் பையனின் புத்தகத்தைப் பார்த்துப் படித்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன புரியும்? எல்லாருக்கும் புத்தகம் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை, நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் புரியும். வீட்டுக்கு வந்து அதைத்தான் கேட்டான்.

அதற்குப் பிறகு காலையில் வேன் வரும் நேரத்துக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. "வகுறு வலிக்குது ஆயா" என்று முகப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. வேன் போய்விட்டால் சரியாகிவிடும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த வலி என்னவென்று தெரியும். அது பொய்யும் கிடையாது, நோயும் கிடையாது, பயம். அடித்து ஏற்றினால் கூடும், பரிதாபப்பட்டு வீட்டில் வைத்துக்கொண்டால் அதைவிடக் கூடும். மடியில் உட்காரவைத்து, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, வேனில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அங்கே இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை வகுப்பு ஆசிரியையினுடையது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். பள்ளியின் போன் ஆப்பில் பெற்றோர் நம்பரிலிருந்துதான் செய்தி போடமுடியும்.

கடைசியில் பேரனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்குப் பின்பக்கத்தில் எழுதியனுப்பினேன். மறுநாள் அதற்குக் கீழே பதில் இருந்தது. "நான் பார்த்துக்கிறேன் ஆச்சி. காலையில வந்ததும் போர்டு துடைக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டானான்னு பாத்து எழுதுறேன்." சின்ன வயசு ஆசிரியை, உருண்டையான எழுத்து. நாலைந்து நாள் நோட்டிலேயே பேசிக்கொண்டோம். இட்லியை மீதி வைத்தான், இன்று பெஞ்சு மாற்றி உட்காரவைத்தேன், விளையாட்டு நேரத்தில் சிரித்தான் என்று அவர் எழுதுவார். ராத்திரி நன்றாகத் தூங்கினான், காலையில் அழவில்லை என்று நான் எழுதுவேன். போர்டு துடைக்கும் வேலைக்கு நேரமாகிவிடும் என்று அவனே வேனுக்கு ஓட ஆரம்பித்தான். வலி போய்விட்டது.

அந்த ஆசிரியையை நீங்கள் கூப்பிட்டுப் பாராட்டியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் தகவல் ஆப் வழியாக மட்டுமே போகவேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாகக் கேள்விப்படுகிறேன். அதற்குப் பிறகு நோட்டில் பதில் வருவதில்லை.

அந்த ஆப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். சேர்க்கும்போது மாப்பிள்ளையின் நம்பரைக் கொடுத்தோம். பள்ளியிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்குச் செய்தி வரும்: நாளைக்கு மஞ்சள் உடை, ஒரு பழம், ஒரு சார்ட் பேப்பர். இங்கே ஒன்பதரை என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு. அவர் விடிந்து பார்த்து அனுப்பும்போது இங்கே பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பேன். மஞ்சள் உடை இல்லாமல் போன பிள்ளையை வரிசையின் கடைசியில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். பிறகு மகளின் நம்பருக்கு மாற்றினோம். மாற்றுவதற்கு ஓ.டி.பி. பழைய நம்பருக்குத்தான் போகும் என்றார்கள். என் நம்பரையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் அதற்கு இடமில்லை என்றார்கள்.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் மே மாதக் கடைசியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை முன்னால் கொண்டுவந்து பழக்கினேன். கத்திரி முடிந்தும் அனல் குறையாத ஊர் இது. 2024இல் வெயிலுக்காகப் பள்ளி திறப்பே ஜூன் 10க்குத் தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், பாய் விரித்து, ஈரத்துணி காயப்போட்டு, எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுக்கவைத்த பிள்ளையை, ஒன்பதரைக்கு வந்த செய்திக்காக எழுப்பி "மஞ்சள் சட்டை எங்கடா வச்ச?" என்று கேட்கவைப்பது எந்த வகையில் நியாயம்?

வீட்டுப்பாடமும் அந்த ஆப்பில்தான் வருகிறது. அதனால் பள்ளி விட்டு வந்ததும் போன் பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. வீட்டுப்பாடம் பார்க்கிறானா வேறு எதைப் பார்க்கிறானா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. போனைக் குறையுங்கள் என்று மைக்கில் சொன்ன நீங்கள்தான் போனைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். டைரியில் எழுதி அனுப்பிய காலத்தில் ஒரு வரியைத் திறந்து பார்த்தால் போதும். அதோடு ஒன்று, முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பேரனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பக்கம் வருகிறது.

புத்தகப் பையைப் பலகாரம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். பேத்தியின் பை ஐந்து கிலோவுக்கு மேல் காட்டியது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கை ஆறாம், ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ என்கிறது. இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்பது கணக்கு. நோட்டைப் பிரித்துப் பார்த்தால் பாதி நோட்டு அன்றைக்குத் தேவையே இல்லை. எந்த நாளுக்கு எந்தப் பாடம் என்ற கால அட்டவணை ஆப்பில் இருக்கிறதாம். அதை ஒரு காகிதத்தில் அடித்துக் கொடுத்திருந்தால் பட்டாலைக் கதவில் ஒட்டி, ராத்திரியே பையை அடுக்கிவைத்திருப்பேன்.

சீருடை விஷயத்தில் உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நான் சொல்கிறேன். வளர்கிற பிள்ளைக்குத் துணி எடுத்துத் தைத்தால் பாவாடை விளிம்பிலும் கால்சட்டை விளிம்பிலும் உள்மடிப்பு விட்டுத் தைப்போம். பொங்கலுக்குள் பிள்ளை வளர்ந்தால் மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும், வருடம் ஓடிவிடும். பள்ளியிலேயே வாங்கவேண்டும் என்று விற்கும் ரெடிமேட் உடுப்பில் அந்த மடிப்பு கிடையாது. ஆறு மாதத்தில் கணுக்கால் தெரிகிறது, புதிது வாங்கு என்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடும் கட்டமும் மாறுவதால் அக்காள் சட்டை தங்கைக்கும் ஆகாது. கட்டணத்தைப் பற்றி இந்த மடலில் எழுதப்போவதில்லை. அதற்கு 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டமும் குழுவும் இருக்கின்றன. துணியைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் இந்தச் செலவு மிச்சம் என்பதற்காகச் சொன்னேன்.

எனக்குப் பெரிய வருத்தம் பேத்தி விஷயத்தில். போன வருடக் கடைசியில், வளரும் பெண்பிள்ளைகளுக்காக ஒரு லேடி டாக்டரை அழைத்துப் பேசவைத்தார்கள். நல்ல காரியம். அம்மாக்கள் மட்டும் வரவேண்டும் என்றார்கள். அம்மா வராத பிள்ளைகளை வேறு வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் பெரியவளாகும் வயதை நெருங்குகிறாள். அந்த நாளில் அவள் பக்கத்தில் இருக்கப்போவது நான்தான். பள்ளியில் இருக்கும்போதே நடந்துவிட்டால் யாரிடம் சொல்லவேண்டும், மாற்றுத்துணிக்கு என்ன ஏற்பாடு என்று அவளுக்கும் தெரியவேண்டும், எனக்கும் தெரியவேண்டும். என் காலத்து வழக்கங்களில் எது நல்லது, எதை விடவேண்டும் என்று அந்த டாக்டரிடம் கேட்க எனக்கும் ஆசைதான். யாரிடம் கேட்பது?

காரைக்குடியில் வக்கீலாக இருக்கும் உறவுக்காரப் பிள்ளை கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினான். 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது. அதன் 2ஆம் பிரிவு, குழந்தையைத் தம் பராமரிப்பிலும் பொறுப்பிலும் வைத்திருப்பவரைப் பாதுகாவலர் என்கிறது. நீதிமன்றம் நியமித்தவரும் அதில் சேர்த்தி. அதாவது, கோர்ட்டு காகிதம் இருந்தால்தான் பாதுகாவலர் என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் கடமையைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் மேல் 10ஆம் பிரிவு வைக்கிறது. 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரையும் பாதுகாவலரையும் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. 17ஆம் பிரிவு பிள்ளைக்கு மனத்துன்பம் தருவதையும் தடைசெய்கிறது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. அம்மா வரவில்லை என்பதற்காக ஏழு வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்காமல் உட்காரவைத்தது மனத்துன்பம் இல்லையென்றால் வேறென்ன? இந்தச் சட்டம் எங்கள் பள்ளிக்குப் பொருந்தாது என்று உங்களில் சிலர் சொல்லலாம். பொருந்தாத பள்ளிக்கும் பிள்ளைகள் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசிக்காமல் இல்லை. யாரோ ஒருவர் வந்து நான் தாத்தா என்று சொல்லிப் பிள்ளையை அழைத்துப் போய்விட்டால் பழி உங்கள்மேல்தான் விழும். புருஷன் பெண்டாட்டி பிரிந்து வழக்கு நடக்கும் வீடுகளில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் கேட்டில் சண்டை போட்ட கதையும் எனக்குத் தெரியும். பாட்டிகள் வந்தால் பிள்ளைக்குப் பரிந்துகொண்டு ஆசிரியரைத் திட்டுகிறார்கள் என்றும் ஒரு குறை உண்டு. அது சில இடங்களில் உண்மையும்கூட. இதற்கெல்லாம் வழி, பெற்றவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்வது. என் பிள்ளை இன்னாருடைய பொறுப்பில் இருக்கிறான், அவர் கையெழுத்துச் செல்லும் என்று தாயும் தகப்பனும் கையெழுத்திட்டு, பொறுப்பாளரின் போட்டோ ஒட்டி, பள்ளி முத்திரையோடு ஓர் அட்டை கொடுத்துவிட்டால் கேட்டில் இருப்பவருக்கும் சிரமம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். சண்டை உள்ள வீடுகளில் பெற்றவர் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஓர் அட்டையில் முடிகிற காரியத்துக்கு ஊரையே வெளியே நிறுத்தவேண்டியதில்லை.

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இது நடக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண்பிள்ளை. தாய் இல்லை, தகப்பன் வெளிநாட்டில். அப்பத்தாதான் எல்லாம். திறப்பு நாளன்று அந்த அப்பத்தா உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகம், நோட்டு, சீருடை எல்லாவற்றையும் பேத்தியோடு வாங்கிக்கொண்டு வந்தார். அறிவிப்பு எதுவானாலும் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள கரும்பலகையில் தமிழில் எழுதிப்போடுகிறார் ஹெச்.எம். படிக்கத் தெரியாதவர்களை நிறுத்தி வாயாலேயும் சொல்கிறார். 2022இல் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் வேறு அந்த அப்பத்தாவின் காலைப் பொழுதைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. அங்கே ஆப் இல்லை, ஆபீசில் ஏ.சி. இல்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அந்த ஹெச்.எம்.முக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

பெற்றோர் எழுதிக்கொடுத்தால், பிள்ளையை வளர்ப்பவரைப் பொறுப்பாளராகப் பதிவு செய்து அட்டை கொடுங்கள். சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஒரு பத்தி வேண்டும். பெற்றோர் கூட்டம், மார்க் அட்டைக் கையெழுத்து, லீவு லெட்டர், உடம்பு சரியில்லாதபோது அழைத்துப்போவது, எல்லாவற்றுக்கும் அந்த அட்டை செல்லவேண்டும். பெண்பிள்ளைகளுக்கான கூட்டத்துக்கு அம்மா வரமுடியாவிட்டால் ஆயாவோ அப்பத்தாவோ அக்காளோ வர அனுமதியுங்கள். யாருமே வரமுடியாத பிள்ளையையும் கூட்டத்தில் உட்காரவையுங்கள்.

பெரியவர்கள் வராத காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் புத்தகத்தையோ டைரியையோ நிறுத்திவைக்கக் கூடாது. இதில் ஒரு நாள் தாமதம்கூட வேண்டாம்.

சுற்றறிக்கைகளைத் தமிழிலும் காகிதத்திலும் கொடுங்கள். ஆப்பில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அதில் பொறுப்பாளரின் நம்பரையும் சேருங்கள். மறுநாளுக்கு எதாவது கொண்டுவரவேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னால் பிள்ளை கையில் எழுதியனுப்புங்கள். மாலை ஆறு மணிக்குமேல் செய்தி அனுப்பாதீர்கள். நோட்டுப் பட்டியலையும் சீருடை விவரத்தையும் மே மாதம் பாதிக்குள் சொல்லிவிட்டால் நாங்கள் காரைக்குடிக்கு அலைவது குறையும். உள்மடிப்பு விட்டு வெளியில் தைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும்.

ஐந்தாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் டைரியில் இருக்கட்டும். முதல் இரண்டு வகுப்புக்கு வீட்டுப்பாடமே வேண்டாம். கால அட்டவணையை அச்சடித்துக் கொடுங்கள்.

திறந்த முதல் இரண்டு வாரம் யூனிட் டெஸ்ட் வைக்காதீர்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு பிள்ளையையும் வளர்ப்பவரோடு வகுப்பாசிரியர் ஐந்து நிமிடம் பேசட்டும், நேரிலோ போனிலோ. பிள்ளை எதற்குப் பயப்படுவான், எதைச் சாப்பிடமாட்டான், எது சொன்னால் கேட்பான் என்று நாங்கள் சொல்வோம். நோட்டில் எங்களுக்கு எழுதும் ஆசிரியர்களைத் தடுக்காதீர்கள்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். பொறுப்பாளர் அட்டையை இரு மாவட்டத்திலும் எல்லாப் பள்ளிகளும் ஏற்கவேண்டும் என்று அவர்கள் உத்தரவிடவேண்டும்.

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் அடுத்த பெற்றோர் கூட்டம் வரும். அதற்குள் உங்கள் பள்ளியின் முடிவைத் தெரிவியுங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுத்தில், தமிழில், கேட்டுக்கு வெளியே நிற்பவர்களும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆயா,
காரைக்குடி வட்டம்